சுரைக்குடுக்கை

சட்டைப்பையில் மாட்டிய மஞ்சள் பெட்டி
இன்று காலை காட்டிய எண் ஏழு.
ஏழு மாதம். பிறகு அது தானாக அணையும்,
நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஹப்ஷானுக்குத் தெற்கே எங்கள் ஆலை.
மண்ணுக்கடியிலிருந்து ஏறிவரும் வாயுவில்
நாலில் ஒரு பங்கு விஷம்.
பிரித்தெடுத்துக் கந்தகமாக்கி
மஞ்சள் மணிகளாய் ரயிலில் கொட்டுகிறோம்.
முதல்நாள் வகுப்பில் சொன்னது:
அழுகல்முட்டை வாடை அடித்தால் நட.
வாடை நின்றால் ஓடு,
காற்றுக்குக் குறுக்கே.
மூக்குதான் முதலில் சாகும்.

இன்னொன்றும் சொன்னார்கள், தனியே போகாதே.
பதிவேட்டில் என் பெயருக்கு நேரே
செய்யது அபுதாகிர், தொண்டிக்காரன்,
முகமூடிக்குள்ளும் வாய் ஓயாதவன்.
ஊர் திரும்பிய பிலிப்பினோ ஒருவனிடம்
ஒரு தொலைநோக்கியைத் தவணையில் வாங்கியிருந்தான்.

ஜனவரியில் ஒருநாள், இரவு இரண்டு மணி.
சைரன். ஒத்திகைதான், ஆனால்
ஒத்திகை என்று யாரும் சொல்லவில்லை.
கூடுமிடத்தில் நாற்பத்தொரு அட்டை,
நாற்பது தலை.
திரும்பவும் எண்ணினார்கள். நாற்பது.
"உன் ஜோடி எங்கே?"
எனக்குத் தெரியும்.
மூன்றாவது மணல்மேட்டுக்கு அப்பால்,
ஆலையின் தீநாக்கு எட்டாத இருட்டில்,
சிரியஸுக்கு இடப்பக்கம் ஏதோ ஒரு கப்பலின் பின்புறத்தை
மூன்று மணிநேரமாய் உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.
கழிவறையில் என்றேன்.

முக்கால் மணி தேடினார்கள், விளக்கும் வண்டியுமாக.
"சைரனா? ஜெனரேட்டர் என்றல்லவா நினைத்தேன்"
என்றவனுக்கு எச்சரிக்கைக் கடிதம்.
வண்டி வெளிச்சம் பட்டு
கடைசி இருபது நிமிடம் வீணாய்ப் போச்சு என்பதுதான்
அவனுக்கு வருத்தம்.

மறுநாள் மெஸ்ஸில் போனை நீட்டினான்.
அரிசி அளவு அழுக்கு.
பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படத்தையும் காட்டினான்:
இருபக்கமும் பீறிட்ட மஞ்சள் புகை,
ஒன்று நீளம், ஒன்று குட்டை.
நடுவே தூசியில் முறுக்கிய கறுப்புக் கச்சை.
அதற்குள்தான் நட்சத்திரம், பார்க்க முடியாது,
கிழம், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது,
இடுப்பை இறுக்கிவிட்டால் பின் எங்கே போகும், சொல்லு,
இப்படியும் அப்படியும்தான்.
"சுரைக்குடுக்கை என்று பேர்.
பட்டப்பேர் அழுகல்முட்டை. அங்கேயும் கந்தகம்டா!"

எத்தனை பிபிஎம் என்றேன்.
சாம்பார் மூக்கில் ஏறும்வரை சிரித்தான்.

இரண்டு மடல் என்றதும்
இங்கொரு வாழ்வு அங்கொரு வாழ்வு என்று
எழுதப் பரபரத்த கையை நானே தட்டினேன்.
அது இரண்டல்ல. ஒரே மூச்சு.
ஐயாயிரம் வருடத்துக்கு முன் விட்டது,
இப்போதுதான் வந்து சேர்கிறது.

"தனி நட்சத்திரம் என்றால்
எலுமிச்சை மாதிரி உருண்டையாய் ஊதும்" என்றான்,
தட்டை வழித்தபடி.
"இப்படிப் பிதுங்க வேண்டுமானால்
பக்கத்தில் இன்னொன்று சுற்ற வேண்டும்.
முதலில் கணக்கில்தான் மாட்டியது. கண்ணில் அல்ல."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கழிவறை என்று நான் சொன்னதை
அவன் இதுவரை கேட்டதில்லை.

மார்ச்சில் அவனைத் தாஸ் தீவுக்கு மாற்றினார்கள்.
தண்ணீர் நடுவே வேலை, சுற்றிலும் தீநாக்குகள்,
வானம் எப்போதும் ஆரஞ்சாம்.
தொலைநோக்கி என் கட்டிலுக்கடியில்,
பெருநாள் விடுமுறைக்கு வந்து எடுத்துக்கொள்வானாம்.
பதிவேட்டில் இப்போது தில்பகதூர்.
பேச்சே கிடையாது. ஒருமுறை பூட்டிய வால்வை
நாலுமுறை பார்ப்பான்.

நேற்று ரயில் மேடையில்
மஞ்சள் மணிகள் சரசரத்து விழுந்துகொண்டிருந்தன.
எப்போதும் லேசாக இருக்கும் வாடை
சட்டென்று நின்றது.
ஓடினேன், காற்றுக்குக் குறுக்கே.
ஏன் என்று கேட்காமல் அவனும் ஓடிவந்தான்.
பெட்டியில் பூஜ்யம்.
காற்று திசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.
முழங்காலில் கையூன்றி நின்றோம்,
முதுகோடு முதுகு முட்ட,
ஆளுக்கொரு பக்கமாய்
மூச்சை வெளியே விட்டபடி.