கடலிலிருந்து இறைத்தோம்

மழை என்றால் என்னவென்று
கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்
சாந்தா பிரிகிதாவில்.
வடக்குச் சிலியின் பாலைவனம்
கடைசியாய் வந்து கால் நனைக்கும் துறைமுகம்.
வெடியுப்பு ஏற்ற வந்த கப்பல்கள்
வெறும் வயிற்றோடு ஆடக்கூடாதென்று
அடிப்பாரமாய்க் கொண்டுவந்து கொட்டிய பைன் பலகையில்
ஊரையே கட்டினார்கள்.
ஆகவே ஊரே எரிந்தது,
மூன்று முறை.

ஜெர்மானியருக்கு ஒரு தீயணைப்புப் படை,
ஆங்கிலேயருக்கு ஒன்று.
நான் சுரண்டிக்கொண்டிருக்கும் இந்த நிலையம்
இத்தாலியருடையது.
மளிகைக்காரர், தையல்காரர், சேமியா ஆலை முதலாளி,
கூலி வாங்காமல்
சொந்தக் காசில் தலைக்கவசம் வாங்கி
ஜெனோவாப் பேச்சில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே
ஓடினார்கள் நெருப்பை நோக்கி.
அதில் பொய்யில்லை.

மேலே நகராட்சிச் சாம்பல்.
அதன்கீழ் ஒரு பச்சை, யாருக்கும் பிடிக்காதது.
அதன்கீழ் மஞ்சள்.
அடியில், பலகையோடு பலகையாய் ஊறி,
காய்ந்த ரத்தத்தின் சிவப்பு.
"இதுதான், இதுதான்" என்றார்
காப்புக் குழுவின் தோன் எர்மிந்தோ திராவெர்சோ.
எழுபத்தெட்டு வயது. தினமும் வருவார்.
எலுமிச்சை மூடியும் சாம்பலுமாக
நீராவிப் பம்பின் பித்தளையைத் தேய்ப்பார்.
இந்தக் கட்டிடத்தை இடித்து
வாகன நிறுத்தம் கட்ட வந்தவர்களை
பதினோரு ஆண்டு அலுவலகம் அலுவலகமாய்
அலைக்கழித்தவர்.

பதிவேடு கண்ணாடிப் பெட்டியில்
எப்போதும் ஒரே பக்கத்தில் விரிந்திருக்கும்:
சுங்கக் கிடங்கு. ஒன்பது மணி நேரம். ஆறு குழாய்.
கடலிலிருந்து இறைத்தோம். உயிர்ச்சேதம் இல்லை.

வண்ணத்தூசி தட்டவென்று வெளியே எடுத்தேன்.
விரல் சும்மா இருக்காதே, புரட்டியது.

வலைக் கொட்டகை. கடலிலிருந்து இறைத்தோம்.
பள்ளிக்கூடக் கூரை. கடலிலிருந்து இறைத்தோம்.
பிறகு 1911, ஒரு செவ்வாய், அதே சாய்ந்த கையெழுத்து:
"இரவு 2.10. மணி அடித்தது.
பழைய கரைத்தெரு, சீனன் கடை.
போனோம். தண்ணீர் இல்லை.
திரும்பினோம்."
அடுத்த வரி வங்கி.
கடலிலிருந்து இறைத்தோம்.

அந்த ஓர் இரவு மட்டும்
கடல் வற்றியிருக்கிறது.

சாப்பாட்டு வேளையில் அந்தத் தெருவுக்குப் போனேன்.
இப்போது டயர் கடை.
வாசலிலிருந்து அலை நுரை வரை
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
முப்பத்தொரு எட்டு.
நான் குள்ளம்.

நகராட்சியின் தராசு உரிமப் புத்தகத்தில்
பெயர் இருந்தது: லியோங் அசான்.
தராசு இரண்டு, ஒன்று பழுது.
மறு ஆண்டின் கட்டம் காலி.
அவர் செத்தாரா, கப்பலேறினாரா
என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

தோன் எர்மிந்தோவிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றி ஒரு முறை,
மாட்டி ஒரு முறை படித்தார்.
"எழுத்தர் என் தாத்தாவின் அண்ணன்."
கொஞ்சம் கழித்து,
"குழாய் கிழிந்திருக்கலாம்."
நான் பேசவில்லை.
"கிழிந்திருந்தால்
கிழிந்தது என்றே எழுதியிருப்பார்"
என்றார் அவரே.
பம்பிடம் திரும்பிப் போய்
ஏற்கெனவே பளபளத்த இடத்தையே
தேய்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்.
எல்லாவற்றையும் சுரண்டிப் புதுக்கினாலும்
ஒரு சாண் இடத்தைத் தொடாமல் விடுவோம்,
சாம்பல், பச்சை, மஞ்சள், எல்லாம் அப்படியே.
சாட்சி என்று அதற்குப் பெயர்.
கண்ணாடிப் பெட்டிக்கு மேலே
விட்டிருக்கிறேன் அதை.
ஏன் இங்கே என்று அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை திறப்புவிழா. மேயர், பேண்டு வாத்தியம்.
பதிவேடு எந்தப் பக்கத்தில் விரிந்திருக்கும்
என்று எனக்குத் தெரியாது.
சாவி அவரிடம்.

வெள்ளி மாலை சாரத்தின் உச்சியில் நின்று
கயிறு அவிழ்க்கும்போது பார்த்தேன்.
டயர் கடை வாசலிலிருந்து
கடலை நோக்கி ஒருவர் நடந்துகொண்டிருந்தார்,
உதடு அசைய.
அவருக்கு நீளக் கால்கள்.
இன்னும் குறைவாகத்தான் வந்திருக்கும்.