ஏழாவது கட்டம்

ஹாசோ ஃபான் ரெட்லினை நான் பார்த்ததில்லை.
அவர் கையெழுத்தைத் தெரியும்:
எதிர்க்காற்றில் நடப்பவர்போல
ஒவ்வொரு எழுத்தும் முன்னால் சாய்ந்திருக்கும்.
பெர்லினில், போர் அமைச்சகத்தின் பின்கட்டில்,
கணப்புச் சூடு எட்டாத மேசையில்
இருபத்தாறு வருஷமாக
அதிகாரிகளின் ஆயுளைப் பிரதியெடுக்கிறேன்.

பொமரேனியாவில் பிறப்பு. தகப்பனுக்கு மணல் நிலம்,
உருளைக்கிழங்குகூட முறைத்துக்கொண்டு முளைக்கும்.
பத்து வயதில் கேடட் பள்ளி.
பதினெட்டில் இரண்டாம் லெப்டினன்ட்.
முப்பத்து மூன்றிலும் இரண்டாம் லெப்டினன்ட்.
மேலே ஒருவர் செத்தால்தான் கீழே ஒருவர் நகரலாம்;
அது சமாதான காலம்,
யாருக்கும் சாகிற அவசரமில்லை.

கோல்பெர்க் மருந்துக்கடைக்காரர் மகள்
ஃபிலிப்பீனே ஸ்டாவெனோவை மணக்க
முதல் மனு.
அதிகாரி கல்யாணத்துக்கு அரசர் சம்மதம் வேண்டும்,
சம்மதத்துக்குச் சொந்த வருமானம் வேண்டும்,
வருஷத்துக்கு அறுநூறு தாலர்.
காட்டியது நானூற்றுப் பத்து.
திரும்பியது.
மூன்று வருஷம் கழித்து நானூற்று எழுபது.
பெண்ணின் தகப்பன் கிடங்கை விற்றிருந்தார்.
திரும்பியது.
மூன்றாவது, ஐந்நூற்றுத் தொண்ணூறு.
அதைத் திருப்பியவன் நான்.
'இயலாது' என்பதை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்!
அப்போது எனக்குக் கை நடுங்காது.
நான்காவது மனு வரவில்லை.

பிறகு யுத்தங்கள்.
டென்மார்க் பனியில் இரண்டு கால்விரல்கள் போயின.
பொஹீமியாவில், அறுவடைக்கு நின்ற வயலுக்குள்
இருநூற்றுப் பதினொரு பேரோடு இறங்கி
நூற்று நாற்பது பேரோடு ஏறினார்.
அவர் அறிக்கையில் வீரம் என்ற சொல் இல்லை,
பூட்ஸ் அடித்தோல் பற்றி இரண்டு பக்கம் உண்டு.
பிரான்சில் குண்டு படவில்லை, வயிற்றுக்கடுப்பு.

ஓய்வின்போது மேஜர் ஆக்கினார்கள்:
பட்டம் மேஜருடையது, பென்ஷன் கேப்டனுடையது.
நன்றி என்று ஒரே வரி அனுப்பினார்.

போன நவம்பரில் கோல்பெர்க்கிலிருந்து கடிதம்.
"குமாரி ஸ்டாவெனோ
செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்யப்பட்டார்.
என் ஏட்டின் ஏழாவது கட்டத்தில்
'மணமாகாதவர்' என்றிருப்பதை அடித்து
'மனைவியை இழந்தவர்' என எழுதுமாறு
மிகப் பணிவுடன் வேண்டுகிறேன்.
வருமானச் சான்று இணைக்கவில்லை."

விதியில் இடமில்லை.
மேலே அனுப்பினால் சிரிப்பார்கள்,
மதியச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்வார்கள்.
மூன்று நாள் இழுப்பறையில் பூட்டிவைத்தேன்.

நான்காம் நாள் மைக்கூடு சாய்ந்தது.
சாய்ந்தது என்றுதான்
மேலதிகாரியிடம் சொன்னேன்.
அரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.

ஏழாவது கட்டத்தில் இப்போது
எதுவும் வாசிக்க முடியாது.
மை அடித்தாளுக்கும் ஊறிவிட்டது;
அங்கே யாரோ ஒரு குதிரைப்படை லெப்டினன்ட்டின்
செவலைக் குதிரை
நிறமில்லாமல் நிற்கிறது.