பதிவெண் இல்லாத கிரேன்

அக்டோபர், காலை ஏழரை.
கிரேட் யார்மத் துறைமுகத்தில்
கடலும் வானமும் ஒரே சாம்பல்.
நாற்பது மீட்டர் மேலே, கண்ணாடிக் கூண்டில்
டீனா லார்ட்டர்.
அவள் கொக்கியில் காற்றாலையின் ஒற்றை இறக்கை,
எழுபது மீட்டர் வெள்ளை,
கப்பலுக்குப் போகிற வழியில்.

கீழே கைகாட்டி நின்ற கோரி அட்டிங்
வாக்கிடாக்கியில் கத்தினான்:
"கிரேன்! உன் இடப்பக்கம், தாழ்வா வருது!"

வேறென்ன நினைப்பாள்?
பதினெட்டு வருடமாக அந்தச் சொல்லுக்கு
நாலு இரும்புக் கால், மஞ்சள் பெயின்ட், டீசல் வாடை.
பிரேக்கை அறைந்தாள்.
அந்தரத்தில் வெள்ளை இறக்கை
ஒருமுறை ஆடி, மறுமுறை ஆடி,
கப்பல்தளத்தில் எவனோ
கர்த்தரைக் கூப்பிட்டுவிட்டு
நிற்கும்வரை நிற்காமல் ஆடியது.

அப்புறம்தான் பார்த்தாள்.
இரண்டு.
கழுத்து முன்னால், கால் பின்னால்,
அவள் கண்மட்டத்தில்
எந்த அவசரமும் இல்லாமல்.
ஒன்று கூவியது,
எண்ணெய் காணாத கீல் ஒன்று
எக்காளம் ஊதப் பழகுவதுபோல்.
மற்றது கேட்டுக்கொண்டே பறந்தது.

*

இந்தச் சதுப்பில் ஒரு காலத்தில்
அவை கூட்டம் கூட்டமாய் நின்றன.
பிரபுக்களின் மேசையில் தட்டுத்தட்டாகத் தின்றார்கள்.
தண்ணீரை வடித்துக் கோதுமை விதைத்தார்கள்.
கடைசிப் பறவையை யாரும் குறித்து வைக்கவில்லை.
ஏறத்தாழ நானூறு வருடம்
இந்த நாட்டில் கிரேன் முட்டையிடவில்லை.

சொல் மட்டும் சாகாமல் கிடந்தது.
கிரான்வொர்த் என்று ஓர் ஊரின் நெற்றியில்.
எட்டிப் பார்க்க நீளும் எல்லாக் கழுத்திலும்
ஒரு வினையாக.
பிறகு மரத்தில், நீராவியில், எஃகில்.
உடல் போன பிறகும்
சட்டையை யாராவது போட்டுக்கொண்டுதானே ஆக வேண்டும்.

தமிழுக்குக் கப்பலேறி வந்ததும் அந்த எஃகுதான்.
பறவை வழியிலேயே இறங்கிவிட்டது.
நமக்குக் கிரேன் என்றால்
மெட்ரோ தூணுக்கு மேல் நிற்பது,
கவிழ்ந்த லாரியைத் தூக்குவது.

ஆனால் அதன் நுனியில் தொங்குவதைக்
கொக்கி என்கிறோம்.
கொக்குக்கும் கொக்கிக்கும் இடையில்
ஒரு சுழி.
உறவா, வெறும் ஓசை மயக்கமா,
எனக்குத் தெரியாது.
வளைந்த ஒன்றைப் பார்த்து
வளைந்த இன்னொன்றை நினைத்த ஆள்
எல்லாக் கரையிலும் இருந்திருப்பான்.

*

பாதுகாப்பு அதிகாரி பிரண்டன் மேஸ்
படிவம் நீட்டினார். அவரும் என்ன செய்வார்,
மூன்று நிமிடம் வேலை நின்றிருக்கிறது.
காரணம் என்ற கட்டத்தில் டீனா எழுதினாள்: கிரேன்.
அடுத்த கட்டங்கள் தாமாகத் திறந்துகொண்டன.

பதிவெண்?
இல்லை.
உரிமையாளர்?
தெரியவில்லை. முன்பு ராஜாவாக இருக்கலாம்.
தூக்கும் திறன்?
தன்னை மட்டும்.
இவ்விடத்தில் கடைசியாக இயங்கிய தேதி?
பேனாவைக் கடித்து யோசித்து
ஆயிரத்து அறுநூறு வாக்கில்
என்று போட்டுக் கையெழுத்திட்டாள்.

மேஸ் சிரிக்கவில்லை.
திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில்
ஒரு தாள்:
இனி வாக்கிடாக்கியில்
பறவையைப் பறவை என்றே சொல்லவும்.
கிரேன் என்பது கிரேனை மட்டும் குறிக்கும்.

செவ்வாய்க்கிழமை அதன் அடியில்
யாரோ மார்க்கரில் கிறுக்கியிருந்தார்கள்:
அது முதல்ல வந்துது.
கோரியின் எழுத்து என்கிறார்கள்.
அவன் இல்லை என்கிறான்.

டீனா இப்போதும் மேலே ஏறியதும்
கொக்கியை இறக்குமுன்
வடக்கே ஹார்சி பக்கம் ஒருமுறை
கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள்.
அதற்கும் அவள் மொழியில்
அந்த ஒரே சொல்தான்.