பின்தொடர்ந்தவனின் படிக்கணக்கு

நான் கான்ஸ்டபிள் நானூற்றுப் பன்னிரண்டு,
குடியாத்தம் ஸ்டேஷன்.
பதினோரு மாதம் ஒரே ஆளின் முதுகைப் பார்த்துச்
சம்பளம் வாங்கினேன்.

பெயர் தேசிங்கு. வயது முப்பத்தெட்டு.
தோல், பீடிச் சங்கங்களின் செயலாளர்.
அடையாளம்: இடது காலில் இரண்டு விரல் இல்லை,
சுண்ணாம்புக் குழி தின்றது.
'புரட்சிக்காரன், அபாயம்' என்று
மேலிடம் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

கத்திரி வெயில்.
கவுண்டன்யா ஆற்று மணலில் கடலை போட்டால் பொரியும்.
அவர் அதில் நடந்தார்,
டயர் செருப்பின் அறுந்த வாரைச் சணலால் கட்டிக்கொண்டு.
நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால்.
மணலில் சைக்கிளும் ஒரு சுமை.

புரட்சிக்காரன் என்றால் ஓடுவான், சுவர் ஏறுவான்,
ராத்திரியில் எதுவோ வெடிக்கும் என்றிருந்தேன்.
இந்த மனிதர் மனு எழுதினார்.
பதில் வராத மனுவைக் குறிப்பிட்டு இன்னொரு மனு.
பேரணாம்பட்டுத் தோல் ஷாப்பு வாசலில்
நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்தி நிற்க,
குழியில் இறங்குகிறவனின் பாதத்தைத்
தன் மடியில் தூக்கி வைத்துப்
புண்ணின் நீளத்தை அங்குலத்தில் குறித்துக்கொண்டார்.
மனுவில் அங்குலம் இருக்க வேண்டுமாம்.

ராத்திரி தரணம்பேட்டை.
சிம்னி விளக்கு, பீடி இலைத் தூசி, இருமல்.
ஆயிரம் சுற்றினால் எண்ணூற்றைம்பதுக்குக் கூலி.
மற்றது கழிவு என்பான் ஏஜெண்டு,
கழிவையும் கட்டுக் கட்டி விற்பான்.
ஜுலேகா பீ விரல் மடக்க, கன்னியம்மா தரையில் புள்ளி வைக்க
ஆயிரம் வரை எண்ணச் சொல்லிக்கொடுத்தார்.
ஏழு வாரம்.
நூற்றுக்கு மேல் தடுக்கும்போதெல்லாம்
ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

அவருக்கு வயிற்றில் புண்.
பொரியை வெந்நீரில் நனைத்துத் தின்றதை
ஜன்னல் வழியே பார்த்து எழுதினேன்:
'இரவுணவு, மூன்று பிடி.'
இன்ஸ்பெக்டர் அடித்துவிட்டார்:
'தேவையற்றது.'

ஒருநாள் விடியற்காலம்
நேராக என்னிடம் வந்தார்.
கை லத்தியைத் தேடியது.
"நேற்றைய டைரியைக் காட்டுங்கள்."
ஏன் காட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.
"பத்தொன்பது மைல் போட்டிருக்கிறீர்கள்.
சாத்கர் சுற்றித்தானே வந்தோம்?
மூன்று மைல் விட்டுப்போச்சு.
உங்கள் படியில் அடி விழும்."
என் பென்சிலாலேயே திருத்தினார்.
அவர் தூங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.
எனக்குத்தானே தெரியும்.

முப்பத்தோரு நாள் வேலைநிறுத்தம்.
ஐப்பசி மழையில் கைது.
வேலூர் ஜெயில் வாசலில் நான்தான் ஒப்படைத்தேன்.
உடைமை: வேட்டி இரண்டு, சணல் கொஞ்சம்,
பென்சில் அரை.
எடை: தொண்ணூற்றொரு ராத்தல்.
"இவ்வளவுதானா புரட்சி?" என்றான் வார்டர்.
அவர் காதில் விழவில்லை போலும்.
"இருபத்துமூன்றாம் தேதி
லேபர் ஆபீஸில் ஒரு பதில் வாங்க வேண்டும்,
யாராவது ஞாபகப்படுத்துங்கள்" என்றார்.
அங்கே இருந்தது வார்டரும் நானும்.
நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

அன்று மாலை, பின்தொடர ஆளில்லாமல்,
பழக்கத்தில் தரணம்பேட்டைக்குப் போனேன்.
ஏஜெண்டு கட்டைப் பிரித்து எறிகிறான்.
கன்னியம்மா குனிந்து
எறிந்ததை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி,
தெருக்கோடி வரை கேட்க:
"எண்ணூற்று அம்பத்தொண்ணு.
எண்ணூற்று அம்பத்தி ரெண்டு."
அடுத்த வீட்டிலும் ஒரு குரல்,
வேறொரு எண்ணில்.

டைரியில் 'ஊர் அமைதி' என்று எழுதினேன்,
அடித்தேன்.
மைல் என்ற கட்டத்தில் என்ன போடுவது?
கேட்க அவர் இல்லை.