இருபத்தைந்து புள்ளி ஒன்பது

ஹீயுமா தீவுக்கு ரொட்டி கொண்டுபோகிறவன் நான்.
வேனில் நூற்றிருபது தட்டு, ரை மாவின் புளித்த வாசனை.
கிலோமீட்டர் தவிர வேறு கணக்கு அறியேன்.
விர்வே ஃபெரியில் இரண்டாம் மேட்.
அவள் நாட் கணக்கில் பேசுவாள்.
நான் அதை நாட்கணக்கில் யோசிப்பேன்.

கல்யாணமான புதிதில் கேட்டேன்,
பதினான்கு நாட் என்றால் எவ்வளவு என்று.
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள்:
"ரெண்டால பெருக்கு. வந்ததுல பத்துல ஒண்ணைத் தள்ளு."
தள்ளினேன். இருபத்தைந்தும் கொசுறும்.
"சைக்கிள்காரன் முந்திடுவானே!"
கத்தி ஒரு கணம் நின்றது.
"நாலாயிரம் டன்னைத் தூக்கிக்கிட்டு
அந்த சைக்கிள்காரன் வரட்டும், பார்க்கலாம்."

வேனில் உட்கார்ந்தால் அவள் முறை.
ஊருக்குள் ஐம்பது என்று பலகை வரும்.
"இருபத்தேழு நாட்! அதுவும் பள்ளிக்கூடத்துப் பக்கத்துல!"
டாஷ்போர்டைப் பிடித்துக்கொள்வாள்.

அந்தக் காலத்தில் கயிற்றில் முடிச்சுகள் போட்டு
கப்பலின் பின்னால் எறிவார்களாம்.
மணல் வடிவதற்குள்
கையை விட்டு எத்தனை முடிச்சு நழுவியதோ
அத்தனை வேகம்.
நழுவியதை எண்ணுகிற வம்சம் அவளுடையது.
எனக்குச் சேர்ந்த இடம்தான் கணக்கு.
எப்படிக் குடித்தனம் நடத்தினோமோ.

எத்தனையோ குளிர்காலம் கழித்து
அந்த பிப்ரவரியில் கடல் கெட்டியானது.
இருபுறமும் ஜூனிபர் கிளைகள் நட்டு
பனிக்கட்டி மேல் சாலை திறந்தார்கள்.
வாயிலில் பலகை:
சீட் பெல்ட் போடாதே.
நிற்காதே.
முன்வண்டியிலிருந்து இருநூற்றைம்பது மீட்டர் தள்ளி வா.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே ஓட்டாதே.

கடைசி வரி ஏன் என்றேன், காவலுக்கு நின்ற எண்டெலிடம்.
"ஒண்ணு மெதுவாப் போ, இல்ல வேகமாப் போ.
நடுவுல போனா அடித்தண்ணி
உன்கூடவே அலையா ஓடி வரும்.
அலைக்கும் வண்டிக்கும் பொருத்தம் அமைஞ்சுபோச்சுன்னா
பனி தாங்காது."
சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான்.

விர்வேக்கு விடுமுறை. மடியில் தெர்மாஸ்.
தன் பக்கத்துக் கதவை
ஒரு விரல் அளவு திறந்தே பிடித்திருந்தாள்.
அறுபதில் போனேன்.
"முப்பத்திரண்டு. என் கப்பல் கனவுலகூடப் போகாது."

நடுவழியில் முன்வண்டி தயங்கியது.
காலை எடுத்தேன்.
ஐம்பது. நாற்பத்தைந்து. நாற்பது.
முப்பத்தாறில் அடியில் ஏதோ முனகியது.
விரிசல் சத்தம் இல்லை அது.
பெரிய உடம்பு ஒன்று
தூக்கத்தில் புரண்டு படுக்கிற சத்தம்.
முப்பது.
இருபத்தாறு.
"இது என் வேகம்," என்றாள் விர்வே.
அப்படியொரு குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.
இருபது.
அப்புறம்தான் மூச்சு.

ஜூனிபர் கிளைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.
"பதினாறு வருஷம்," என்றாள்,
"இதே தண்ணி மேல, இதே இருபத்தஞ்சு புள்ளி ஒன்பதுல,
கையில காபியோட."
பத்தில் ஒன்றைத் தள்ளினால்
இருபத்தைந்து புள்ளி இரண்டுதானே என்றேன்.
"அது சமையலறைக்குப் போதும்.
கடலுக்குப் பத்தாது."

இப்போது மே மாதம். கடல் பழையபடி தண்ணீர்.
ஃபெரியின் அடித்தட்டில் என் வேன்,
இருபக்கமும் மரம் ஏற்றிய லாரிகள்.
மேலே அவள் ஷிஃப்ட்.
கைபிரேக் போட்டாயிற்று. கியரில் வேறு நிற்கிறது.
போதாததற்குச் சக்கரத்தடியில் ஆப்பு.
மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது.
பின்னால் தட்டுகள் மெல்லக் கடகடக்கின்றன.
பெல்ட்டை மட்டும்
ஏனோ
கழற்றி வைத்திருக்கிறேன்.