ஆட்காட்டிக்குத் தெரிந்துவிட்டது

இரவு வேலை நாலரைக்கு முடிந்தது.
இரும்பு முனைச் சப்பாத்தைக் கழற்றி
ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தேன்.
"எட்டு மணித்தியாலம் பறவை பார்த்தது
காணாதா உனக்கு?" என்றாள் இயோனெலா.
நாங்கள் நிற்கும் வரிசையில்
நிமிடத்துக்கு நூற்றெண்பது கோழி,
தலைகீழாக.

டூமர் ஏரிக்கு இருபது நிமிட ஓட்டம்.
பார்வைக்குக் கடல். நடுவில் இறங்கினாலும்
நெஞ்சைத் தாண்டாது என்கிறார்கள்.
கரையில் கணுக்கால்தான்.

ஹூடெ பக்கம், நாணல் முடிகிற இடத்தில்
குப்புறப் படுத்தேன்.
நானூறு மில்லிமீட்டர் லென்ஸ், இரண்டாம் கை,
இன்னும் மூன்று தவணை பாக்கி.
கண்ணை வைத்தால் முதலில் தெரிந்தது
என் மூச்சு.

ஏப்ரல் கடைசி. வெளிச்சம் வரவில்லை,
வரப்போகிறது என்றொரு வதந்தி மட்டும்.
நீரும் வானும் ஒரே ஈயம்.
அதில் சில கோடுகள். கால்கள்.
பிறகுதான் காலுக்கு மேல் உடல்கள் வந்தன:
பவளக்காலிகள் ஆறோ ஏழோ,
தள்ளி ஒரு கருவால் மூக்கன்
அலகைக் கண்மட்டும் சேற்றில் விட்டு
தொலைத்த திறப்பைத் துழாவுகிறவன் மாதிரி.

ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறு.
படம் முழுக்கக் குருணை.
பொறு.
முழங்கை நனைந்துவிட்டது. விரலில்
இன்னும் குளோரின் மணம்.
அவன் இரண்டடி இந்தப் பக்கம் வைத்தால்
சூரியன் முதுகில் விழும்.
ஓரடி வைத்தான்.
மற்றக் காலைத் தூக்கினான்,
தூக்கியதை மறந்துபோனான்.

அப்போதுதான் ஆட்காட்டி.

இங்கே இதற்குக் கீபிட்ஸ் என்று பெயர்.
தலையில் கொண்டை வைத்த வேறு சாதி,
ஆனால் தொழில் அதேதான்.
ஒன்பது வயதில், வேறோர் ஆழமில்லாத நீரில்,
இருட்டில், எங்கள் எல்லோருக்கும் மேலே
இதன் சொந்தம் ஒன்று சுற்றிச் சுற்றிக் கத்தியது.
என் வாயைப் பொத்திய கைக்குள்
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
எதை என்று ஞாபகமில்லை.
அன்றைக்கு யாரும் சுடவில்லை.

இது என் தொப்பிக்கு மேல் தாழ்ந்து வந்தது.
சரி, சொல்லு. உன் முட்டை எங்கோ புல்லுக்குள்.
இங்கே ஒருத்தி படுத்திருக்கிறாள்,
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு.
சொல்லு எல்லோருக்கும்.

சொன்னது.
ஏரியே எழும்பினாற்போல் எழும்பின.
விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தேன்:
நாற்பத்திரண்டு படம். நாற்பத்தொன்றில்
சாம்பல் துடைத்த துணி.
கடைசியில் பறவையே இல்லை.
ஒரு கால் நின்ற இடத்தில் வட்டம்,
அதைச் சுற்றி இன்னொரு வட்டம்,
வெளிவட்டத்தின் ஓரத்தில் மட்டும்
கொஞ்சம் செம்மஞ்சள்.

அன்றிரவு உடைமாற்றும் அறையில்
இயோனெலா பெரிதாக்கிப் பார்த்தாள்.
"இதில் பறவை எங்கே?"
"போய்விட்டது."
நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
சங்கிலி ஓடத் தொடங்க இரண்டு நிமிடம் இருக்க,
வலையைத் தலைமயிருக்குள் செருகியபடி
தன் கைபேசிக்கும் அதை அனுப்பிவிடச் சொன்னாள்.