ஆறேகால்

ஜனவரிப் புயலில் விழுந்த மாமரம்
ஷாம்-போர்ன் சாலையில், ழிஸ்லேன் மர்தாயின் வேலிக்கு வெளியே
ஆறு மாதம் கிடந்தது.
நகராட்சி லாரி வரவில்லை.
வண்டுகள் வந்தன.

கரும்பு ஆலை புகைவிடத் தொடங்கிய வாரம்
கோடரியால் பிளந்தார்கள்.
சுண்டுவிரல் தடிமன், வெண்ணெய் நிறம்,
வெளிச்சம் பட்டதும் நெளிந்தன.
ஸாந்தெத் என்பார்கள் இந்தத் தீவில்.
பூண்டு, மஞ்சள், உப்பு;
எண்ணெயில் விழுந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு உப்பும்.

அதில் புரதம் எத்தனை என்று சொல்வது என் வேலை.
அமிலத்தில் கொதிக்கவிட வேண்டும்,
சொட்டுச் சொட்டாக அளக்க வேண்டும்,
கிடைத்த நைட்ரஜனை ஆறேகாலால் பெருக்க வேண்டும்.
புதுச்சேரியில் கால் வாய்ப்பாட்டுக்குப் பிரம்படி வாங்கியவன் நான்.
இங்கே அதே கால் சோறு போடுகிறது.
கால் முளைக்காத புழுவுக்கு ஆறேகால்!
சிரிக்கத்தான் ஆசை;
ஆய்வுக்கூடத்தில் தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

அது தின்ற கட்டையையும் கொதிக்கவிட்டுப் பார்த்தேன்.
இரண்டே சொட்டில் நிறம் மாறிவிட்டது.
மரத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.
பிறகு எதைத் தின்று இந்தக் கொழுப்பு?

குடல் மடிப்பில், காற்று நுழையக் கூசும் இருட்டில்
இன்னும் பெயர் சூட்டப்படாத ஒரு கூட்டம்
நைட்ரஜனைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது.
நாமும் அதைத்தான் மூச்சுக்கு மூச்சு இழுக்கிறோம்,
வாங்கிய கையோடு திருப்பியும் கொடுத்துவிடுகிறோம்.

இருபது பெட்டி வைத்தேன்.
பத்தில் வெறும் மரத்தூள்.
பத்தில் மரத்தூளோடு கிருமிக்கொல்லி, மூன்று வாரத்துக்கு.
மருந்து தின்றவை சாகவில்லை.
தின்றன, தின்றன, ஒட்டவில்லை.
தோல் வெங்காயச் சருகாகி
உள்ளே ஓடும் கோடு தெரிந்தது.
மருந்தை நிறுத்திய பின்னும் அப்படியே.

பதினேழாம் பெட்டி மட்டும் ஊதத் தொடங்கியது.
தராசைச் சந்தேகித்தேன்.
பிறகு ஒட்டிய எண்ணை, பிறகு என்னை.

மாலையில் தரை துடைக்க வருகிற ழிஸ்லேன்
வாளியை வைத்துவிட்டுச் சொன்னாள்:
"அதுவா? பாவமாக இருந்தது.
பக்கத்துப் பெட்டியில் ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டேன்."
"எதை?"
"அதன் பீயைத்தான். வேறு என்ன இருக்கிறது அங்கே?"

எட்டு வார உழைப்பு. கோபம் வந்தது.
மறைக்க என்ன இருக்கிறது, கத்தினேன்.
அவள் தரையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

அறிக்கையில் பதினேழை அடித்தேன்.
காரணம் என்ற கட்டத்தில் 'மாசு' என்று எழுதினேன்.
அந்தச் சொல் பேருந்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

மர்தாய் என்பது மருதாயி.
கப்பலிலிருந்து இறங்கிய ஒருத்தியின் பெயரை
எவனோ குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான்;
ஐந்து தலைமுறைக்கு அது குடும்பப் பெயர்.
பதிவேட்டில் அவளுக்கென்று ஒரு வரி உண்டு.
என் அட்டவணையில்
மாதிரி, ஈரம், கொழுப்பு, புரதம்.
புரதம் யார் செய்தது என்று கேட்கிற பத்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன்.
அவள் ஏற்கெனவே சட்டியை வைத்திருந்தாள்.
மருந்து படாத மிச்சப் புழுக்கள், பூண்டோடு.
கண்ணுக்குத் தெரியாதவர்களும் உள்ளேயே வெந்திருப்பார்கள்.
ஏழு தின்றேன்.
முந்திரிக்கும் மஜ்ஜைக்கும் நடுவே ஒரு ருசி.

"பதினேழு எங்கே?" என்றாள், அண்ணனுக்கு ரம் ஊற்றிக்கொண்டே.
"கொதிக்கவிட்டாச்சு."

பொய்.
என் மேசை இழுப்பறையில், மாங்கட்டைத் துண்டுக்குள்
இந்த நிமிடமும் குடைந்துகொண்டிருக்கிறது.
எழுதுவதை நிறுத்தினால் கேட்கும்,
யாரோ கடிதத்தை மெதுவாகக் கிழிப்பது போல.